இந்த இருமலுக்கு வயசு என்ன?

1

இன்று என் மகனுக்கு முதல் பிறந்தநாள். பிறப்பதற்கு முன்னால் அவன் ஒரு நோயாக இருந்தான்.

தகப்பன் வாயால் சொல்லக் கூடாத வார்த்தைதான். ஆனால் அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நானில்லை. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டை விட்டு இன்னொன்றை வாங்கப் போகிறவர், உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கோளாறுகளை எல்லாம் ஒப்புவித்துவிட வேண்டும். புதுக் கம்பெனி அவற்றுக்குக் காசு தராது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூலம், கர்ப்பம் என்று அந்த வரிசை போகிறது. தொலைபேசியில் பேசிய பெண் நல்ல மரியாதைக்காரி. "உங்கள் மனைவிக்கு என் வாழ்த்துகள்" என்றாள். "அது ஏற்கெனவே உள்ள கோளாறு, ஆகவே செல்லாது" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே இனிமையில்.

போன வருடம், 1994 கோடை அது. ஒஹையோவில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனி மூடப்போவதாக அறிவித்திருந்தது. இந்த ஊரில் காப்பீடு என்பது வேலையோடு சேர்ந்து வருவது, கல்யாணப் பந்தியில் அப்பளம் மாதிரி. இலையை விட்டு எழுந்தவனுக்கு அப்பளம் கிடையாது. எங்கள் அப்பளத்துக்கு ஆகஸ்டு மாதக் கடைசித் தேதி கெடு வைத்திருந்தார்கள். என் மனைவி மல்லிகாவுக்கு டாக்டர் சொல்லியிருந்ததோ செப்டம்பர் இரண்டாவது வாரம்.

ஆகஸ்டில் பிறந்தால் மகன். செப்டம்பரில் பிறந்தால் கடன்.

வேடிக்கை என்னவென்றால், நாடு முழுவதும் அந்தக் கோடையில் இதே பேச்சுதான். எல்லாருக்கும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கலாமா, அரசாங்கமே பொறுப்பேற்கலாமா, ஏற்றால் வானம் இடிந்து விழுமா என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கண்ணால் அவர்களையும் மறு கண்ணால் மல்லிகாவின் வயிற்றையும் பார்த்துக்கொண்டு சோபாவில் கிடந்தேன். இரண்டு இடத்திலும் ஒன்றும் நகர்வதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் பிரசவத்துக்குத் துணையாக ஆவடியிலிருந்து சரோஜா அக்கா வந்து இறங்கினாள்.

2

அக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன், ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டு வரிசையில் நடந்த மருத்துவத் திட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். எந்தச் சட்டசபையிலும் நிறைவேறாத திட்டம் அது.

எங்கள் அப்பா சேக்காட்டில் வயல் வேலை பார்த்தவர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அக்காவைக் கட்டிய மாமாவும் அதே தொழிற்சாலை. ஆக அக்காவுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் குவார்ட்டர்ஸ்தான். வரிசையில் பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர்வீடு வேலூர், மூலைவீடு தஞ்சாவூர். எல்லாருக்கும் பொதுவானது தொழிற்சாலை ஆஸ்பத்திரி. தொழிலாளி குடும்பத்துக்கு வைத்தியமும் மருந்தும் இலவசம்.

இலவசம்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். ஒவ்வொரு வீட்டு நோய்க்கும் ஒவ்வொரு வீட்டுக்காரி அரை நாள் தொலைப்பதா? எங்கள் பெண்கள் கணக்குப் போட்டார்கள். யாராவது ஒருத்தி போவது, எல்லார் நோயையும் தன் நோயாகச் சொல்லி மருந்து வாங்கி வருவது என்று முடிவாயிற்று. இதற்குப் பொறுக்கி எடுக்கப்பட்டவள் என் அக்கா. குரல் வளம் அப்படி. திருநெல்வேலி வீட்டு வறட்டு இருமலையும் வேலூர் வீட்டுச் சளி இருமலையும் தனித்தனியாக இருமிக் காட்டுவாள்.

எண்பதுகளில் அங்கே ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். சிரிக்காத முகம். அக்கா ஏழெட்டு நோயை மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு பேனாவைத் திறந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"சரிம்மா. இந்த இருமலுக்கு வயசு என்ன?"

"ஏழு சார்."

"அந்த முட்டி வலிக்கு?"

"அது அம்பதுக்கு மேல கீது சார்."

வயதுக்குத் தக்க அளவில் எழுதிக் கொடுப்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த ஐம்பதுக்கு மேற்பட்ட முட்டி, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்து எங்கள் வரிசைக்குப் பால் ஊற்றிய கன்னியம்மாவுடையது. அவள் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி அட்டையிலும் அவள் பெயர் இல்லை. பசு மாட்டுக்காவது அரசாங்க வைத்தியர் உண்டு. ஆகவே கன்னியம்மாவின் முட்டி, மாதம் ஒருமுறை, சரோஜா அக்காவின் முட்டியாகிவிடும்.

கட்டாயப் பிடித்தமும் எனக்குப் புதிதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் வேலையில் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரிக்கென்று சம்பளத்தில் பிடித்துக்கொண்டே கொடுத்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. நோய் என்பது மற்றவர்களுக்கு வருவது என்று நம்பிக்கொண்டிருந்த காலம். என்னைக் கேட்காமல் என் பணத்தை எப்படிப் பிடிக்கலாம் என்று மாமாவிடம் தனிமனித சுதந்திரம் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். நூலகத்துப் புத்தகங்களைப் படித்துக் கெட்டுப்போயிருந்தேன்.

மாமா பீடியைப் பற்றவைத்தார். "மச்சான், நீ குந்திகினு படிச்ச புக்குல மஞ்சக் காமாலை பத்தி எய்தியிருந்துச்சா?"

இரண்டு மாதம் கழித்துக் காமாலை வந்து, பிடித்த பணத்துக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. பார்க்க வந்த மாமா கையில் இளநீரோடு நின்றுகொண்டு, "எப்டிகீது சொதந்திரம்?" என்றார்.

3

ஒஹையோவுக்கு வந்த மறுநாளே அக்கா டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடா தம்பி, கோட்டு மாட்டிகினு ரெண்டு பேரும் இப்டி அட்ச்சிக்கிறானுங்க? சொத்துத் தகராறா?"

"ஆஸ்பத்திரி செலவுதான்க்கா. எல்லாருக்கும் இன்சூரன்சு கட்டாயம்னு சட்டம் போடலாமான்னு பேசிக்கிறாங்க."

"இப்போ இன்னா பண்றாங்க?"

"வேலை கீறவனுக்கு கம்பெனி குடுக்கும்."

"வேலை பூட்டா?"

"அதுவும் பூடும்."

"அடப் பாவிங்களா, வேலை பூட்டாதானடா சீக்கே வரும்?"

ஊரிலிருந்தபோதும் சரி, இங்கே பல வருடம் பத்திரிகை படித்தும் சரி, இந்த விவாதத்தை இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை.

என் மகள் காவ்யாவுக்குப் பத்து வயது. தமிழைப் புரிந்துகொள்வாள். பேசச் சொன்னால் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கூச்சப்பட்டு நிற்பாள். அவளுடைய கோடை முகாமில் விவாதப் போட்டி, அதே தலைப்பு. 'கட்டாயம் கூடாது' என்ற கட்சியை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். பேச்சை அத்தையிடம் ஒத்திகை பார்க்க வந்தாள்.

"அத்தை, நான் வலி இல்ல. நான் ஏன் பணம் குடுக்கணும்?"

"நீ வலி இல்லதான் கண்ணு. அதான் நீ குடுக்கணும். வலி கீறவ எங்கேந்து குடுப்பா?"

காவ்யா அதையும் எழுதிக்கொண்டாள். போட்டியில் தன் கட்சியைப் பேசி முடித்துவிட்டு, 'ஆனால் எங்கள் அத்தை சொல்கிறார்' என்று ஆரம்பித்து எதிர்க்கட்சியையும் தானே பேசி, ஆவடி வரிசைக் கதையையும் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். ஆசிரியை திகைத்துப்போய், "அப்படியானால் உன் அத்தைக்கு நோய் இருந்ததா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாருக்கும் இருந்தது. அத்தை மட்டும் போனாள்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். இரண்டு பக்கமும் பேசியதற்காகத் தோற்கடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பொதுவாழ்வுக்குப் போனவர்கள் கதி இதுதான்.

4

செப்டம்பரை ஆகஸ்டாக மாற்றும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள்.

"குனிஞ்சு பெருக்கு, பொண்ணு. தானா எறங்கும்" என்றாள் மல்லிகாவிடம். வீடு முழுக்கக் கம்பளம். குனிந்து பெருக்க விளக்குமாறும் இல்லை, தரையும் இல்லை. நிமிர்ந்து நின்று தள்ளுகிற மிஷின்தான். அக்கா அதை வெறுப்போடு பார்த்தாள். "இத்த கண்டுபுட்ச்சவன் புள்ள பெக்காதவன்."

நடக்கலாம் என்றால் எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. காரில் ஏறிப் பெரிய கடைவளாகத்துக்குப் போய், அங்கே குளிர்சாதனக் காற்றில் நடந்துவிட்டு, காரில் ஏறித் திரும்பினோம். நடப்பதற்குப் பெட்ரோல் போடும் நாடு இது. முன்னால் மல்லிகா, பின்னால் நைலக்ஸ் சேலையும் என் பழைய பனிக்காலக் கோட்டுமாக அக்கா, அவள் பின்னால் கைப்பைகளோடு நான். செருப்புக் கடை வாசலில் நின்ற காவலாளி எங்களை இரண்டாம் நாள் சந்தேகமாகப் பார்த்தார். நான்காம் நாள் கையசைத்தார். ஆறாம் நாள் "இன்னும் இல்லையா?" என்று கேட்டார்.

சாயங்காலங்களில் அக்கா நேரடிப் பேச்சுவார்த்தையில் இறங்குவாள். மல்லிகாவின் வயிற்றுக்கு எதிரில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, "தே நைனா, உள்ள குந்திகினு இன்னா பண்ற? ரெண்டு வாரம் முன்னால வந்தா கொறஞ்சா பூடுவ? உங்கப்பனுக்கு வேலை பூட்ச்சுடா. வந்துடு ராஜா" என்பாள்.

நானும் என் பங்குக்குச் செய்தித்தாளிலிருந்து அன்றைய விவாதத்தை வயிற்றுக்கு வாசித்துக் காட்டினேன். நிலைமை புரியட்டும் என்றுதான்.

"ஏங்க, அவன் உள்ளே நிம்மதியா இருக்கான். நீங்க படிக்கிறதைக் கேட்டுட்டு எந்தப் பிள்ளையாவது வெளியே வருமா?" என்றாள் மல்லிகா.

சொல்கிறேன், வெளியில் சிரித்துக்கொண்டிருந்தாலும் எனக்கு உள்ளே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணப் பிரசவமானால் எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆபரேஷன் என்று ஆகிவிட்டால், வீட்டை விற்றுவிட்டு ஆவடிக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அதற்கும் டிக்கெட் காசை யாரிடமாவது கேட்க வேண்டும்.

5

கெடுவுக்கு முந்தைய நாள் காலை டாக்டரிடம் போனோம். வெள்ளை மீசை வைத்த பெரியவர். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டை.

மல்லிகாவைச் சோதித்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது. இன்னும் பத்து நாளாவது ஆகும்" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு வழக்கமான கேள்விகளை மல்லிகாவிடம் கேட்டார். தலைவலி உண்டா? இல்லை. கண் மங்குகிறதா? இல்லை. கால் வீக்கம்? இல்லை.

ஓரத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் வெள்ளைக் கோட்டு, மேஜை, கையில் பேனா, கேள்வி கேட்கும் குரல் ஆகியவை தெரியும். முப்பது வருடப் பழக்கம். எழுந்து வந்து மேஜைக்கு எதிரில் நின்றுவிட்டாள்.

"சொல்லுடா தம்பி, டாக்டரு கேக்குறாரில்ல? தல நோவுது, விண்ணு விண்ணுன்னு. முட்டி ரெண்டும் புட்ச்சுக்குது. காதுல சீழு. ராவெல்லாம் வறட்டு இருமலு." இருமிக் காட்டினாள். "பல்லு ஒண்ணு ஆடுது. சாயங்காலமானா கண்ணு மங்கலா கீது."

நான் பழக்க தோஷத்தில் வரிசையாக மொழிபெயர்த்துவிட்டேன். எழுதிக்கொண்டே வந்த டாக்டர் நிமிர்ந்தார். "இவ்வளவும் இவருக்கா? பாவமே. முதலில் அந்தப் பல்லைக் காட்டச் சொல்லுங்கள்."

"பல்லு எனுது இல்ல சார்" என்றாள் அக்கா.

மொழிபெயர்த்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பல் இவருடையது இல்லையா?"

"தஞ்சாவூர்க்காரம்மாது சார்."

"காது?"

"அது வேலூர் ஊட்டுப் பையன்து."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா புறப்படும்போதே குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் வழியனுப்ப வந்து, ஆளுக்கொரு வியாதியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்க டாக்டர் ஒருவரைப் பார்க்கப்போகிறவளை யாராவது வெறுங்கையோடு அனுப்புவார்களா?

வெட்கத்தை விட்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆவடி, ஆஸ்பத்திரி, வரிசை, கன்னியம்மா எல்லாம். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "டிவியில் பேசுகிறவர்களை எல்லாம் ஒரு வாரம் உங்கள் தெருவுக்கு அனுப்பலாம்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி. இதில் இவருடைய நோய் எது?" என்று கேட்டார்.

"எனுதா? எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன்."

டாக்டர் எழுந்து வந்து அக்காவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினார். காற்றடித்தார். இறக்கினார். மறு கையிலும் கட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கண் மங்கலும் தலைவலியும் இவருடையவை" என்றார். "நீண்ட நாளாகவே இருந்திருக்க வேண்டும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"கூட்டத்தோட கூட்டமா சொல்லிகினுதான்டா வரேன். டாக்டரு வயசு கேக்கும்போ மட்டும், திருநெல்வேலி ஊட்டுக் கெயவிது, எம்பதுன்னு சொல்லிடுவேன். எம்பது வயசுல அப்டித்தான் இருக்கும்னு வுட்டுடுவாரு."

"ஏன்க்கா?"

"எனுதுன்னு சொன்னா வந்து படுன்னுவாரு. நான் பட்த்துகினா அப்பால வரிசைல யாரு நிக்கிறது?"

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்கென்று கொடுத்துவிட்டுப் போகிற மாத்திரை அட்டைகள் அதில் நிறைய இருந்தன. சிலவற்றை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும், ஊருக்குப் போனதும் சொந்தப் பெயரில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். பணம் பற்றி நான் வாயெடுத்ததும் கையை ஆட்டிவிட்டார்.

அக்காவின் பார்வை இழுப்பறையை விட்டு நகரவில்லை. "தம்பி, அப்டியே கன்னியம்மா முட்டிக்கு எதுனா கீதான்னு கேளேன்."

தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். டாக்டர் இழுப்பறைக்குள் கைவிட்டபடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த முட்டிக்கு என்ன வயது?"

"இன்னாடா கேக்குறாரு?" என்று அக்கா என் சட்டையை இழுத்தாள். சொன்னேன்.

"அதானே பாத்தேன்!" என்றாள் அக்கா, நிம்மதியாக. "டாக்டருன்னா எந்த ஊர்லயும் டாக்டருதான்டா. அறுவத்தஞ்சுன்னு சொல்லு."

கட்டிலில் படுத்திருந்த மல்லிகா சிரிக்க ஆரம்பித்தாள். பல மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். டாக்டர் சிரித்தார். புரியாமல் அக்காவும் சிரித்தாள். திடீரென்று மல்லிகா நிறுத்தினாள்.

"ஏங்க" என்றாள், விரிப்பைப் பார்த்தபடி. பனிக்குடம் உடைந்திருந்தது.

நடந்தும் குனிந்தும் கெஞ்சியும் செய்தித்தாள் வாசித்தும் வராதவன், சிரிப்புச் சத்தம் கேட்டு என்னவென்று பார்க்கப் புறப்பட்டுவிட்டான். அன்று மாலை, ஆகஸ்டிலேயே, ஆபரேஷன் இல்லாமல் பிறந்தான். "வந்துகினியா நைனா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் குழந்தைகளும் அழுதன.

6

பிறந்த மறுநாளோடு எங்கள் காப்பீடு முடிந்தது. நாட்டின் திட்டமும் செப்டம்பர் முடிவதற்குள், வாக்கெடுப்புக்கே வராமல் கண்ணை மூடியது. அக்டோபரில் அக்கா ஊருக்குத் திரும்பினாள். எனக்கு வேறு வேலை கிடைத்தது. ஆனால் புதுக் கம்பெனியின் காப்பீடு அமலுக்கு வர மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றார்கள். பையன் பொறுக்கவில்லை. வயிற்று வலியில் நாள் முழுவதும் கத்தினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் போட்டேன். மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்கத்தான்.

"துன்றேன், துன்றேன். நம்ம டாக்டரு கிட்ட எனுத சொன்னேன்டா. நம்பவே இல்ல அந்த மனுசன். 'இந்த பிரஷருக்கு வயசு என்னம்மா?'ன்றாரு. எனுதுதான் சார்ன்றேன். 'அதான் கேக்கறேன், யாருது?'ன்றாரு! பட்டைய கட்டி பாத்த அப்பாலதான் நம்புனாரு. மூணு நாள் பட்த்துகினும் எய்ந்துட்டேன்."

"அப்போ வரிசைக்கு?"

"வேலூர்க்காரி போனா. இருமவே தெரில அவளுக்கு. நான்தான் ரெண்டு நாளு பயக்கி வுட்டேன். அத்த வுடு, புள்ள ஏன்டா பின்னால இப்டி அயுவுறான்?"

சொன்னேன். டாக்டரிடம் காட்டலாம், ஆனால் இன்சூரன்சு இன்னும் வரவில்லை என்று இழுத்தேன்.

"நாளைக்கு எனக்கு வவுத்து வலி" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

அம்பத்தூரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் சில நாளில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய சேலைத் துணியில் சுற்றிய சின்ன பாட்டில், சோம்பு வாசனை. மல்லிகா அதை வெள்ளை மீசை டாக்டரிடம் காட்டி, காசில்லாமல் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்து, சரிதான் என்று சொல்லிவிட்டு, மேலே ஒட்டியிருந்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

இப்போது எங்கள் பையில் காப்பீட்டு அட்டை பத்திரமாக இருக்கிறது. மகனுக்கு மெழுகுவர்த்தி ஒன்று வைத்துக் கேக் வெட்டியாயிற்று. காலி பாட்டிலை மட்டும் தூக்கிப்போட மனம் வராமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதன் மேல், ஆவடியில் சிரிக்காத முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த டாக்டரின் கையெழுத்தில், இன்னும் தெளிவாகத் தெரிகிறது:

'சரோஜா. வயது: 2 மாதம்.'